மாமனாருக்குக் கொலஸ்ட்ரால் 6.4: மாற்ற வேண்டியது எண்ணெய்ப் பாக்கெட்டா, கறிச்சட்டியா?

தாளிப்புக்கரண்டி (சுங்கை சிப்புட்)

வணக்கம். மாமனாருக்கு வயது 56. அரசாங்க கிளினிக்கில் எடுத்த ரத்தப் பரிசோதனை இது: மொத்தக் கொலஸ்ட்ரால் 6.4, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 0.98, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு) 2.6, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 4.2, எல்லாம் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு. சீனி வியாதி இல்லை, சிகரெட் இல்லை, பிரஷர் கொஞ்சம் எல்லையில் நிற்கிறது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், மூன்று மாதம் சாப்பாட்டை மாற்றுங்கள், திரும்ப ரத்தம் எடுப்போம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் ஐந்து பேர். மாதம் நாலு பாக்கெட் பாமாயில் ஓடுகிறது, அந்த 2 வெள்ளி 50 காசு ஒரு கிலோ பாக்கெட்தான். வாரத்தில் இரண்டு நாள் தேங்காய்ப்பால் போட்ட கறி, ஞாயிற்றுக்கிழமை நாசி லெமாக். ஒவ்வொரு தடவைக்கும் 200 மில்லி சந்தான் (தேங்காய்ப்பால்) பாக்கெட் ஒன்று. காலையில் அவருக்கு மாமாக் கடையில் ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். இது தினசரி.

கேள்வி மூன்று. பாமாயிலை விட்டுவிட்டு முழுக்கச் சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறினால் போதுமா? மரச்செக்குத் தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, வாங்கலாமா? எண்ணெய் குறைத்தால் சம்பல் பச்சை வாடை அடிக்கிறது, அதற்கு என்ன வழி?

அளவுக்கரண்டி

தங்கச்சி, கேள்வியிலேயே அளவு கொடுத்திருப்பது பாதி வேலை முடிந்த மாதிரி. கணக்குப் போட்டுவிடலாம்.

பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு. லேபிளில் 'லெமாக் தெப்பு' என்று இருக்கும். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு மொத்தக் கலோரியில் 10 சதவீதம், அதாவது 22 கிராம். எல்.டி.எல். ஏற்கெனவே ஏறியிருப்பவர்களுக்கு அமெரிக்க இதயச் சங்கம் இன்னும் இறுக்கி 5 முதல் 6 சதவீதம் என்கிறது. அது 11 முதல் 13 கிராம்.

இப்போது உங்கள் வீடு. நாலு கிலோ எண்ணெயை ஐந்து பேருக்கும் 30 நாளைக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 26.7 கிராம். இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. பாமாயிலில் ஏறக்குறைய 40 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, ஆக 10.7 கிராம். கெட்டிச் சந்தானில் கொழுப்பு 20 சதவீதம் என்று வைத்தால் 200 மில்லி பாக்கெட்டில் 40 கிராம் கொழுப்பு; அதில் 35 கிராம் நிறைவுற்றது. ஐந்து பேருக்கு ஆளுக்கு 7. வாரம் மூன்று தடவை என்பதால் ஒரு நாள் சராசரி 3 கிராம். ரொட்டி சானாய் ஒன்றில் கொழுப்பு 10 கிராம் போல, அதில் பாதி நிறைவுற்றது: 5. தே தாரிக்கில் ஊற்றுவது பெரும்பாலும் பால் இல்லை, பாம் எண்ணெய் சேர்த்த இனிப்புக் கிரீமர். இரண்டு மேசைக்கரண்டி என்றால் 1.5 கிராம், கூடவே 20 கிராமுக்கு மேல் சீனி.

கூட்டினால் 20 கிராம். இறைச்சி, முட்டை, பலகாரம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. அவற்றுக்கு 4 என்று வைத்தால் மொத்தம் 24.

இனி முதல் கேள்வி. நாலு கிலோவில் இரண்டு கிலோவைச் சூரியகாந்திக்கு மாற்றினால் எண்ணெய்க் கணக்கு 10.7-லிருந்து 6.8-க்கு இறங்கும். அதே பாமாயிலை வைத்துக்கொண்டே நாலு கிலோவை இரண்டரை கிலோவாகக் குறைத்தால் 6.7. இரண்டும் ஒன்றுதான்! இரண்டாவது வழியில் கைக்காசும் மிச்சம், கலோரியும் குறையும். இரண்டையும் சேர்த்து, மாதம் இரண்டரை கிலோ, அதில் பாதி பாமாயில் பாதி சூரியகாந்தி என்று வைத்தால் 4.3 கிராம்.

சந்தானைப் பாதியாக்கி, ரொட்டி சானாயை வாரம் இரண்டாக்கி, தே தாரிக்கைத் தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) ஆக்கினால் எல்லாம் சேர்ந்து 7 கிராமுக்குப் பக்கத்தில் வரும். இறைச்சி, முட்டைக்கு அந்த 4. மொத்தம் 11. அந்த இறுக்கமான அளவுக்குள் வந்துவிட்டார்.

எண்ணெய் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணளவில் ஊற்றினால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. மாத ஆரம்பத்தில் இரண்டரை கிலோவைத் தனியாக எடுத்து வையுங்கள். அதைத் தினம் பிரித்தால் வீட்டுக்கு 83 கிராம் வரும். மேசைக்கரண்டி ஒன்றுக்கு 13 முதல் 14 கிராம், ஆக ஒரு நாளைக்கு ஆறு கரண்டி. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலில் காலையிலேயே அந்த ஆறு கரண்டியை ஊற்றிவிடுங்கள். சாயங்காலம் போத்தல் காலி என்றால் இரவுக்கு அவியல், ரசம், சுட்ட மீன்.

செக்கு_மாடு

எல்லாரும் தேங்காயையே குறை சொல்கிறீர்கள். தேங்காய் எண்ணெயில் இருப்பது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, நேராகக் கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும், ரத்தக் குழாயில் படியாது. நல்ல கொலஸ்ட்ராலையும் ஏற்றும். அந்தக் காலத்தில் தோட்டத்து லயங்களில் தேங்காய் போடாத சமையலா? மரச்செக்கில் ஆட்டியது என்றால் பயமே வேண்டாம்.

லிப்பிட்_லேப்

செக்கு அண்ணே, எச்.டி.எல். பற்றிச் சொன்னது சரி, மற்றதில் திருத்தம் உண்டு.

நேராகக் கல்லீரலுக்குப் போகும் என்று ஆய்வு செய்தது 8, 10 கார்பன் உள்ள கொழுப்பமிலங்களை வைத்து. தேங்காய் எண்ணெயில் அவை இரண்டும் சேர்ந்து 15 சதவீதத்தைத் தாண்டாது. பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருப்பது 12 கார்பன் லாரிக் அமிலம். பெயரளவில் அதை நடுத்தரம் என்று வகைப்படுத்தினாலும், உடம்பில் பெரும்பகுதி நீளச் சங்கிலிக் கொழுப்பைப் போலவே நிணநீர் வழியாகத்தான் ரத்தத்துக்கு வருகிறது.

2020-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 16 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. வெப்பமண்டலம் சாராத தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.-ஐ டெசிலிட்டருக்குச் சுமார் 10 மி.கி. ஏற்றியது, எச்.டி.எல்.-ஐ 4 மி.கி. ஏற்றியது. நம் ஊர் அலகில் எல்.டி.எல். ஏற்றம் 0.27. எச்.டி.எல். ஏறியதே என்று மகிழ முடியாது, எச்.டி.எல்.-ஐ மருந்தால் ஏற்றிப் பார்த்த பெரிய சோதனைகளில் மாரடைப்பு அதற்கேற்பக் குறையவில்லை. எல்.டி.எல். இறங்கினால் குறைகிறது என்பது திரும்பத் திரும்ப நிரூபணமானது.

மரச்செக்கு விஷயம்: செக்கில் ஆட்டினால் வாசனை, நிறம், சில நுண்பொருள்கள் தங்கும். கொழுப்பமிலத்தின் விகிதம் மாறாது. எந்தச் செக்கில் ஆட்டினாலும் தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்புதான். நெய் 60-க்குக் கொஞ்சம் மேல், பாமாயில் 40, கடலை எண்ணெய் 17 முதல் 20, நல்லெண்ணெயும் சோயாவும் 15-க்குப் பக்கம், சூரியகாந்தி 11, கனோலா 7. ஒரு தேக்கரண்டி நெய்யில் 3 கிராம். பருப்புச் சோற்றுக்கு வாரம் இரண்டு தடவை விட்டால் குடி முழுகாது.

ஏன் ஏறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லீரல் செல்லின் மேல் எல்.டி.எல்.-ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் அவற்றின் வேலை மந்தமாகும், எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றும். சூரியகாந்தி, சோயா போன்றவற்றில் உள்ள லினோலிக் அமிலம் அந்த வேலையை முடுக்கிவிடும். அதனால்தான் குறைத்த இடத்தில் எதை வைக்கிறீர்கள் என்பது முக்கியம். சந்தானைக் குறைத்துவிட்டு இன்னொரு அகப்பை வெள்ளைச் சோறு போட்டால் எல்.டி.எல். கொஞ்சம் இறங்கும், ஆனால் எச்.டி.எல்.-உம் இறங்கும், டிரைகிளிசரைடு ஏறும். லாபம் எதுவும் நிற்காது. குறைந்தது இரண்டு வருடம் நடந்த சோதனைகளைத் தொகுத்த 2020 காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் அமைப்பு) ஆய்வில், நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நிகழ்வுகள் சுமார் 17 சதவீதம் குறைந்தன.

இனி உங்கள் மாமனாரின் தாள். அந்த 4.2 பெரும்பாலும் நேரடியாக அளந்த எண்ணாக இருக்காது. டிரைகிளிசரைடை 2.2-ஆல் வகுத்து, அதையும் எச்.டி.எல்.-ஐயும் மொத்தத்திலிருந்து கழிப்பார்கள்: 2.6-ஐ 2.2-ஆல் வகுத்தால் 1.18, 6.4 கழித்தல் 0.98 கழித்தல் 1.18 என்றால் 4.24. சரியாக வருகிறது. டிரைகிளிசரைடு 4.5-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு பொய் சொல்லும்.

எனக்கு உறுத்துவது 4.2 மட்டுமில்லை. டிரைகிளிசரைடு 1.7-க்குக் கீழே இருக்க வேண்டியது 2.6, ஆண்களுக்கு எச்.டி.எல். 1.0-க்கு மேல் இருக்க வேண்டியது 0.98. இந்த ஜோடி நம் இந்தியர்களிடம் அதிகம் பார்ப்பது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த இடைநிலை வயது 53. மற்றவர்களுக்கு 59-க்குப் பக்கம். இந்த ஜோடியைக் கெடுப்பது எண்ணெயைவிடச் சீனி, வெள்ளை மாவு, தொப்பை, பீர், சம்சு. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தால் டிரைகிளிசரைடு 20 சதவீதம் வரை இறங்கும். ஆகவே அந்தத் தே தாரிக்கில் கொழுப்பு 1.5 கிராம்தான் என்று விட்டுவிடாதீர்கள், அதன் சீனிதான் வில்லன்.

எவ்வளவு இறங்கும்? அளவுக்கரண்டி அக்கா போட்ட கணக்கில் 24 கிராம் 11 ஆகிறது. 2,000 கலோரியில் அது சுமார் 6 சதவீதம். அந்த இடத்துக்குச் சூரியகாந்தி, மீன், கடலை மாதிரி நிறைவுறாத கொழுப்பு வந்தால் சதவீதம் ஒன்றுக்கு எல்.டி.எல். 0.05 போல இறங்கும். மொத்தம் 0.3. ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து தினம் 3 கிராம் போனால் (வறண்ட ஓட்ஸ் 75 கிராம் வேண்டும், ஒரு கரண்டி தூவினால் போதாது) இன்னும் 0.25. ஆக 4.2 இருந்த இடத்தில் 3.6, 3.7 எதிர்பார்க்கலாம். சாப்பாட்டாலேயே 3-க்குக் கீழே கொண்டுவந்துவிடுவேன் என்று சபதம் போடாதீர்கள். மூன்று மாதம் கழித்து டாக்டர் ஸ்டேட்டின் (கொலஸ்ட்ரால் மாத்திரை) எழுதினால் அது உங்கள் சமையலின் தோல்வி இல்லை.

வாணலி_மூடி

சம்பல் கேள்விக்கு நான்.

பச்சை வாடைக்குக் காரணம் எண்ணெய் குறைந்தது என்று நினைக்கிறோம். நிஜத்தில் மிளகாய் விழுதில் இருக்கும் தண்ணீர் போகவில்லை. தண்ணீர் இருக்கும்வரை விழுது 100 டிகிரியைத் தாண்டாது, வதங்காது. முக்கால் கப் எண்ணெய் ஊற்றும்போது சட்டி முழுக்கச் சூடு ஒரே சீராகப் பரவி, தண்ணீர் சீக்கிரம் வற்றி, எண்ணெய் பிரிந்து மேலே வருகிறது. அதைத்தான் 'பெச்சா மிஞாக்' என்கிறோம். எண்ணெயைக் குறைத்தால் அதே வேலைக்கு நேரமும் அகலச் சட்டியும் கொடுக்க வேண்டும்.

30 காய்ந்த மிளகாய்க்குச் சொல்கிறேன். விதையைத் தட்டி எடுத்துவிட்டு, ஊறவைப்பதற்குப் பதில் 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பாதி வாடை அங்கேயே போய்விடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் முடிந்தவரை குறைவாக விட்டு வெங்காயம், பூண்டோடு அரையுங்கள். அகலமான வாணலியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். விழுதைப் போட்டு, தீயைச் சின்னதாக வைத்து 25, 30 நிமிடம். அடிபிடித்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள், ஒரு கரண்டி வெந்நீர் தெளித்துச் சுரண்டுங்கள். நிறம் செங்கல் சிவப்பிலிருந்து கருஞ்சிவப்புக்கு மாறி, கரண்டியால் இழுத்தால் சட்டி தெரிந்து, மெதுவாகத்தான் மூட வேண்டும். அப்புறம்தான் புளியும் சீனியும். சீனியை முன்னாலேயே போட்டால் கருகும். அந்தக் கசப்பைப் பச்சை வாடை என்று தப்பாக நினைத்துத் திரும்ப எண்ணெய் ஊற்றுவோம். பலர் வழுக்குவது இங்கேதான்.

நேரமில்லை என்றால் வழக்கம்போல முழு எண்ணெயில் செய்து, அடுப்பை அணைத்து, சட்டியை ஒரு பக்கம் சாய்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். அரை கப் வரை எண்ணெய் ஒதுங்கும், அதை வழித்து எடுங்கள். குளிர்ப்பெட்டியில் ஒரு வாரம் வைத்து அடுத்த கறிக்குத் தாளிக்கலாம். ஆனால் அது அன்றைய ஆறு கரண்டிக் கணக்கில் சேர்த்தி, இலவசம் இல்லை.

நாசி லெமாக்: மூன்று கப் அரிசிக்கு 200 மில்லி சந்தானை முதலிலேயே ஊற்றினால் வாசனை ஆவியோடு போய்விடும். அரிசியைத் தண்ணீர், பாண்டான் இலை, இஞ்சி, உப்போடு வேகவைத்து, தண்ணீர் சுண்டி மேலே குழி குழியாகத் தெரியும்போது 80 மில்லி கெட்டிச் சந்தானைத் தெளித்துக் கிளறி மூடுங்கள். பத்து நிமிடம். வாசனை குறையாது, ஆளுக்கு 7 கிராமாக இருந்தது 3-க்குள் அடங்கும்.

கறியில் பாதிச் சந்தான் போட்டால் தண்ணியாக நிற்கும். ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலையைப் பொடித்துக் கரைத்து ஊற்றினால் கெட்டிப்படும். சந்தானுக்குப் பதில் டின் 'இவாப்' (சுண்டக் காய்ச்சிய பால்) ஊற்றலாம் என்பார்கள். டின்னைத் திருப்பிப் படியுங்கள், பல டின்களில் இருப்பது பாலில்லை, தாவரக் கொழுப்பு சேர்த்த கிரீமர். ஆட்டுக்கறி என்றால் முதல் நாளே வேகவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் காலையில் மேலே வெள்ளைத் தகடாகக் கொழுப்பு உறைந்திருக்கும். அப்படியே பெயர்த்து எடுங்கள்.

பொரிக்கும்போது மட்டும் சூரியகாந்தியை ஊற்றாதீர்கள். அதில் லினோலிக் அதிகம், சூட்டில் சீக்கிரம் கெடும். பொரிக்கப் பாமாயில்தான் தாங்கும். தாளிக்க, வதக்கச் சூரியகாந்தியோ நல்லெண்ணெயோ. வடை மாவில் ஒரு துளி போட்டால் உடனே எழும்பி வர வேண்டும், அது 170, 180 டிகிரி. அடியிலேயே கிடந்தால் எண்ணெய் குடிக்கும். உப்பைப் பொரித்த பிறகு தூவுங்கள். உப்பும் தண்ணீரும் துகளும் எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும். ஆறியதும் துணியில் வடிகட்டி, மூடி, இருட்டில் வையுங்கள். இரண்டு தடவை, மிஞ்சினால் மூன்று. நிறம் தேன் மாதிரி கருத்தால், நுரை அடங்காமல் நின்றால், சாதாரணச் சூட்டிலேயே புகைந்தால் கொட்டிவிடுங்கள். பழைய எண்ணெயில் புதிதை ஊற்றி நிரப்புவது கூடவே கூடாது, கெட்டது நல்லதையும் வேகமாகக் கெடுக்கும். பல தடவை சூடேற்றிய பாமாயிலைக் கொடுத்த எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியதை மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எலிதான், ஆனாலும் எல்லையில் நிற்கும் பிரஷருக்கு அந்தச் சோதனை வேண்டாம்.

தாளிப்புக்கரண்டி

எல்லாருக்கும் நன்றி. காலைப் பசியாறலுக்கு ரொட்டி சானாய் இல்லாத நாளில் என்ன கொடுப்பது? முட்டையை நிறுத்த வேண்டுமா? பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) அவர் வாங்கும் கச்சான் பூத்தே (கடலை, முறுக்கு வகை)?

அளவுக்கரண்டி

தோசை, கல்லில் அரைத் தேக்கரண்டி எண்ணெய், சாம்பார் கெட்டியாக. இட்லிக்கு எண்ணெயே வேண்டாம். ஓட்ஸ் 75 கிராமையும் தனிக் கஞ்சியாக விழுங்கச் சொன்னால் நாலாம் நாள் தட்டைத் தள்ளிவிடுவார். பாதியைத் தோசை மாவில் அரைத்துவிடுங்கள், மீதியை மோர்க்கஞ்சி ஆக்குங்கள். இன்ஸ்டன்ட் சீனிப் பொட்டலம் வேண்டாம். மாமாக் கடைக்குப் போகாமல் இருக்க முடியாது என்றால் தோசை, டால் சொல்லட்டும், கறிக் குழம்பைத் தட்டு முழுக்கக் 'கூவா பஞ்ஜிர்' ஊற்றாமல்.

முட்டை மஞ்சள் ஒன்றில் கொலஸ்ட்ரால் 186 மி.கி., நிறைவுற்ற கொழுப்பு 1.6 கிராம்தான். சாப்பாட்டுக் கொலஸ்ட்ராலைவிட எல்.டி.எல்.-ஐ அதிகம் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. அவர் அளவுக்கு வாரம் மூன்று, நாலு முட்டை போதும், அவித்தது. மார்ஜரினில் பொரித்த முட்டை வேறு கணக்கு. இறாலும் அப்படித்தான், பயமுறுத்துவது இறால் இல்லை, அதைச் சூழ்ந்த சந்தான். மீன் வாரம் இரண்டு தடவையாவது: கெம்போங், மத்தி, புளிக்குழம்பாகவோ சுட்டோ. ஒமேகா 3 இருக்கிறது, விலையும் குறைவு.

கச்சான் பூத்தேயில் அவித்த கொண்டைக்கடலை, வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி (30 கிராம்) தாராளமாக. முறுக்கு, ஓமப்பொடி, பொரித்த பருப்பு அதே வண்டியில் பக்கத்திலேயே இருக்கும். ஈப்போ புந்தோங் போனால் அந்த வாசனையில் கை தானாகவே அந்தப் பக்கம் நீளும், அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். பிஸ்கட், கேக், மார்ஜரின் டப்பாவில் 'தெர்ஹிட்ரோஜென் செபாரா' (பகுதி ஹைட்ரஜன் ஏற்றியது) என்ற சொல் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள், அது டிரான்ஸ் கொழுப்பு. எல்.டி.எல்.-ஐ ஏற்றி எச்.டி.எல்.-ஐ இறக்குவது அதன் குணம்.

லிப்பிட்_லேப்

இரண்டு வார்த்தை சேர்க்கிறேன். நடக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ நெஞ்சு இறுகினால், தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால் அந்த மூன்று மாதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

திரும்ப ரத்தம் எடுக்கப் போகும்போது, டிரைகிளிசரைடு உயர்ந்திருப்பதால் வெறும் வயிற்றில் போவது நல்லது: முதல் நாள் இரவு 9 மணிக்குச் சாப்பாட்டை முடித்து, காலை 8 மணிக்குக் கை நீட்டட்டும். வெறும் தண்ணீர் குடிக்கலாம், தே ஓ கூடாது. முன் மூன்று நாள் குடி இல்லாமல் இருக்கட்டும், கல்யாண விருந்துக்கு மறுநாள் தேதி வாங்காதீர்கள். காய்ச்சல் வந்திருந்தால் இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள். உடம்பு சுகமில்லாதபோது எல்.டி.எல். தானாகவே இறங்கிக் காட்டும், சமையல் பலித்துவிட்டது என்று நாம் ஏமாந்துவிடுவோம். பழைய தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். தைராய்டு பரிசோதனை இதுவரை எடுக்கவில்லை என்றால் அதையும் சேர்த்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அது மந்தமாக இருந்தாலும் எல்.டி.எல். ஏறும், எண்ணெயை எவ்வளவு குறைத்தாலும் அசையாது.